ஏக்கருக்கு எத்தனை லிட்டர்? அதியமான்கோட்டை பக்கத்து உரக் கணக்கு

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிட்டிருந்த பதிவு இது. கொஞ்சம் நீளம்தான். டீ ஒண்ணு போட்டு எடுத்துகிட்டு வந்து உட்காருங்க :-)

சேலத்துல இருந்து பெங்களூர் போற நெடுஞ்சாலையில, தர்மபுரிக்குக் கொஞ்சம் முன்னாடி அதியமான்கோட்டைன்னு ஒரு ஊர் வரும். தேய்பிறை அஷ்டமி அன்னிக்குப் போனீங்கன்னா காலபைரவர் கோயில் கூட்டத்துல ரோட்டைத் தாண்டவே முடியாது. மத்த நாள்ல பஸ்ஸுல போறவங்க பாதிப் பேரு கவனிக்காமலே தாண்டிப் போயிடுவாங்க. பேருக்குச் சொந்தக்காரர் யாருன்னு உங்களுக்கே தெரியும். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சி. தகடூரை ஆண்டவர். அந்தத் தகடூர்தான் இன்னிக்குத் தர்மபுரி.

நெல்லிக்கனி கதையை எல்லாரும் சொல்லுவாங்க. அதிகம் பேர் சொல்லாத இன்னொரு விஷயம் இருக்கு. வேற எங்கேயோ இருந்த கரும்பை இந்தப் பக்கத்துக்குக் கொண்டு வந்தவங்க அதியமானோட முன்னோர்தான்னு புறநானூறு 99ஆம் பாட்டுல ஔவையார் சொல்றார். ஒரு அரச பரம்பரையைப் புகழும்போது, சண்டையில ஜெயிச்சதோட சேர்த்து ஒரு புதுப் பயிரைக் கொண்டு வந்ததையும் சொல்லியிருக்காங்க பாருங்க. அது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

அதே தர்மபுரிக்கு 2004ல இன்னொண்ணு வந்து சேர்ந்தது. இந்தத் தடவை கொண்டு வந்தது அரசர் இல்ல, கோயம்புத்தூர்ல இருக்குற தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். வந்தது பயிரும் இல்ல, ஒரு கணக்கு. தமிழ்ல அதுக்கு 'துல்லியப் பண்ணையம்'னு பேர் வச்சாங்க. ஒரு செடிக்கு எந்த நாள்ல எவ்வளவு தண்ணி, அந்தத் தண்ணியில எவ்வளவு உரம் போகணும்ங்கிறதை அளந்து கொடுக்குற முறை. அந்தக் கணக்கு எங்க பிறந்துச்சு, நம்ம ஊருக்கு வந்தப்போ எப்படி மாறிச்சு, இப்ப எங்க நிக்குது, இதுதான் இந்தப் பதிவு.

தண்ணியில உரம் புதுசு இல்ல

கரைச்சு விடுற உரம் நம்மாளுங்களுக்குப் புதுசு கிடையாது. வாய்க்கால்ல தண்ணி பாயுறப்போ மடைகிட்ட சாணத்தைக் கரைச்சு விடுறது பழைய வழக்கம். கொடுமுடி டாக்டர் கே. நடராஜன் பரப்பின பஞ்சகவ்யமும் கரைசல்தான். 100 லிட்டர் தண்ணிக்கு 3 லிட்டர் கலந்து இலை மேல தெளிப்பாங்க.

ஆனா வாய்க்கால்ல கரைச்சு விட்டா ஒரு சிக்கல். மடைக்குப் பக்கத்துல இருக்குற பாத்திக்கு நிறைய போகும், கடைசிப் பாத்திக்குக் கொஞ்சம்தான் போகும். 'மொத்தம் ஒரு மூட்டை போட்டேன்'னு விவசாயிக்குத் தெரியும். எந்த இடத்துக்கு எவ்வளவு போச்சுன்னு கேட்டா அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. நம்ம பாஷையில சொன்னா டோட்டல் இருக்கு, லாக் இல்ல.

அந்த லாக்கை முதல்ல எழுத ஆரம்பிச்சவங்க யாருன்னு பார்க்க, கொஞ்சம் கடல் தாண்டிப் போயிட்டு வருவோம்.

அங்க டிராக்டர் எழுதின கணக்கு

அமெரிக்காவுல உரத்தைத் திரவமா போடுறது ரொம்ப சாதாரணம். யூரியாவையும் அமோனியம் நைட்ரேட்டையும் தண்ணியில கரைச்சு, 28ல இருந்து 32 சதவீதம் வரைக்கும் தழைச்சத்து இருக்குற கரைசலா டேங்கர்ல வரும். டிராக்டருக்குப் பின்னாடி நீளமா ஒரு குழாய், அதுல வரிசையா நாசில். ஓட்டிகிட்டே போனா தெளிச்சுகிட்டே வரும்.

இதுல ஏக்கருக்கு எவ்வளவு போகுதுன்னு தெரிய மூணு எண் போதும். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் வெளிய போகுது, வண்டி எவ்வளவு வேகத்துல போகுது, தெளிக்கிற அகலம் எவ்வளவு. சூத்திரம் ரொம்ப எளிசு: நிமிஷத்துக்கு லிட்டரை 600ஆல பெருக்கி, மணிக்கு கிலோமீட்டரையும் அகல மீட்டரையும் பெருக்கின தொகையால வகுத்தா ஹெக்டேருக்கு எத்தனை லிட்டர்னு வந்துரும். உதாரணத்துக்கு நிமிஷத்துக்கு 40 லிட்டர், வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர், அகலம் 12 மீட்டர்னு வைங்க. 40 × 600 = 24,000. 8 × 12 = 96. வகுத்தா ஹெக்டேருக்கு 250 லிட்டர்.

டிராக்டர் மேட்டுல ஏறும்போது வேகம் குறையும். வேகம் பாதியாச்சுன்னா அதே இடத்துல உரம் ரெண்டு மடங்கு விழும். அதனால ஒரு சின்ன கம்ப்யூட்டரை வண்டியில வச்சு, வேகத்துக்குத் தகுந்த மாதிரி வால்வைத் திறக்கவும் மூடவும் விட்டாங்க. இதுலயும் ஒரு வில்லங்கம் உண்டு. நாசில்ல அழுத்தத்தை ரெண்டு மடங்காக்கினா திரவம் ரெண்டு மடங்கா வராது. அழுத்தத்தோட வர்க்கமூலம் அளவுக்குத்தான் கூடும். ரெண்டு மடங்கு உரம் வேணும்னா நாலு மடங்கு அழுத்தம் வேணும். அதனால இந்தக் கம்ப்யூட்டர் அழுத்தத்தை மட்டும் நம்பாம, ஓடுற திரவத்தையே அளக்கும். உள்ள சுத்துற சின்னச் சக்கரம் ஒரு வகை. காந்தப்புலம் வச்சு அளக்குற மீட்டர் இன்னொரு வகை. உரக்கரைசல்ல உப்பு இருக்குறதால அதுல மின்சாரம் பாயும். அது காந்தத்துக்கு நடுவுல ஓடும்போது ஒரு சின்ன வோல்டேஜ் உண்டாகும். 1831ல ஃபாரடே சொன்ன அதே விதி, கல்லூரியில நாம மார்க்குக்காகப் படிச்சுட்டு மறந்தது.

1980கள்ல மினசோட்டா பக்கம், மண் வரைபடத்தைப் பார்த்து இடத்துக்கு இடம் உரத்தை மாத்திப் போடுற வண்டிகள் வந்துச்சு. மினசோட்டா பல்கலைக்கழகத்துப் பியர் ராபர்ட் 1992ல இதுக்குன்னே ஒரு ஆய்வரங்கம் கூட்டினார். அப்புறம் ஜிபிஎஸ் சேர்ந்துச்சு. வண்டி ஒவ்வொரு நொடியும் 'இந்த அட்சரேகை, இந்தத் தீர்க்கரேகை, இத்தனை லிட்டர்'னு ஒரு வரி எழுதிகிட்டே போகும். சாயங்காலம் அதை வரைபடத்துல போட்டா, நிலத்துல எங்க எவ்வளவு விழுந்துச்சுன்னு கலர் கலரா தெரியும். என்ன போட நினைச்சோம்ங்கிறது ஒரு வரைபடம், உண்மையில என்ன போச்சுங்கிறது இன்னொரு வரைபடம். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்க முடியறதுதான் பெரிய விஷயம்.

64 மீட்டர் ஏக்கர்

சரி, இதை அப்படியே நல்லம்பள்ளி பக்கம் தூக்கிட்டு வந்தா என்ன ஆகும்?

ஒரு ஏக்கரைச் சதுரமா நினைச்சா ஒரு பக்கம் 64 மீட்டர் கூட முழுசா வராது. 2000 மே மாசம் வரைக்கும் அமெரிக்க ராணுவம் வேணும்னே ஜிபிஎஸ்ல பிழையைச் சேர்த்து வச்சிருந்துச்சு. பொதுமக்களுக்கு வர்ற சிக்னல்ல 100 மீட்டர் வரைக்கும் தப்பு இருக்கலாம். அதாவது உங்க வயல்ல நின்னு பார்த்தா பக்கத்து வயல்காரர் தக்காளிக்குள்ள நிக்கிறதா காட்டும். 2000 மே 2ல அந்தப் பிழையை எடுத்தாங்க. அதுக்கு அப்புறமும் சாதாரணக் கருவியில சில மீட்டர் முன்ன பின்ன வரும். 64 மீட்டர்ல அது சின்னத் தப்பு இல்ல.

அளவுலயும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2022 கணக்குப்படி அமெரிக்காவுல ஒரு பண்ணை சராசரியா 463 ஏக்கர். 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல ஒரு விவசாயிகிட்ட சராசரியா 0.75 ஹெக்டேர், அதாவது ரெண்டு ஏக்கருக்கும் கம்மி. கிட்டத்தட்ட 250 மடங்கு. அங்க ஒரு வயலுக்குள்ளேயே மண்ணு நாலு விதமா மாறும், அதனால வயலைக் கூறு போட்டு வரைபடம் வேணும். இங்க அந்தக் கூறுகள் ஏற்கெனவே நாலு விவசாயிகளோட பேர்ல பட்டாவா பிரிஞ்சு கிடக்கு.

அப்ப நம்ம ஊருக்குத் துல்லியம் தேவையே இல்லையா? தேவைதான், ஆனா வேற திசையில. அங்க அளந்தது இடத்தை. இங்க அளக்க வேண்டியிருந்தது நாளை. தர்மபுரியில நடந்ததோட சாரமே இதுதான்னு நான் நினைக்கிறேன்.

2004: தர்மபுரி

அந்த வருஷம் பிப்ரவரியிலதான் பழைய தர்மபுரி மாவட்டத்துல இருந்து கிருஷ்ணகிரியைத் தனியாப் பிரிச்சாங்க. இந்த ரெண்டு மாவட்டத்துலயும் சேர்த்து தமிழக அரசு பணத்துல, வேளாண் பல்கலைக்கழகம் துல்லியப் பண்ணையத் திட்டத்தை ஆரம்பிச்சது. 2004-05ல தொடங்கி மூணு வருஷம், 400 ஹெக்டேர், மொத்தம் 7 கோடியே 20 லட்சம் ரூபாய். முதல் வருஷம் 100 ஹெக்டேர், அடுத்த வருஷம் 200, மூணாவது வருஷம் 100. ஒரு ஹெக்டேருக்குச் சொட்டுநீர் அமைக்க 75,000 ரூபாய், சாகுபடிச் செலவுக்கு 40,000 ரூபாய். பொறுப்பாளரா பேராசிரியர் இ. வடிவேல் இருந்தார்.

இன்னிக்குப் படிக்கிறப்போ 'முழு மானியம், யாரு வேண்டாம்னு சொல்லுவாங்க'ன்னு தோணும். நிஜத்துல முதல் வருஷம் ஆள் சேர்க்கவே திணறியிருக்காங்க. தொடர்ச்சியா மழை பொய்ச்சு, கிணறு வத்தி, ஜனங்க வெறுத்துப் போயிருந்த நேரம் அது. அந்த நேரத்துல வந்து 'கறுப்புக் குழாய் போடறோம், செடிக்குச் சொட்டு சொட்டா உரம் கொடுக்கலாம்'னா யாரு நம்புவா? முதல் 100 பேரோட விளைச்சலையும், அவங்க காய்க்குச் சந்தையில கிடைச்ச விலையையும் பார்த்துட்டுத்தான் ரெண்டாவது வருஷம் வரிசை கட்டி வந்தாங்க. அப்ப மானியம் 90 சதவீதம். மூணாவது வருஷம் 80. கையில இருந்து காசு போடணும்னு ஆன பிறகும் வந்தாங்கங்கிறதுதான் இங்க முக்கியம்.

என்னென்ன பண்ணாங்க? முதல்ல உளிக்கலப்பை வச்சு ஆழமா உழுது, அடியில இருக்குற கெட்டித் தட்டை உடைச்சாங்க. நாத்தை நிழல்வலைக்குள்ள குழித்தட்டுல வளர்த்தாங்க. நிலம் பூராவும் சொட்டுநீர்க் குழாய். பக்கத்துப் பக்கத்து விவசாயிகளைச் சேர்த்துச் சங்கம் அமைச்சு, காயைச் சேர்ந்து விக்க வச்சாங்க. முதல் போகம் முழுக்க விஞ்ஞானிகள் கூடவே நின்னு நடத்தினாங்க. அடுத்த அஞ்சு போகத்தை விவசாயிகளே நடத்தினாங்க. மூணு வருஷத்துல ஆறு போகம்.

இதோட நடு உயிர் உர அட்டவணைதான். பழைய முறையில அடியுரம், மேலுரம்னு ரெண்டு மூணு தடவையில மொத்தத்தையும் போட்டு முடிச்சிருவாங்க. இதுல மூணு நாளைக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா. நட்டு வேர் பிடிக்கிற வரைக்கும் ஒரு கலவை, பூக்கிற வரைக்கும் ஒண்ணு, காய் பிடிக்கிறப்போ ஒண்ணு, பறிப்பு ஓடுறப்போ ஒண்ணு. ஆல் 19ன்னு கடையில கேட்பாங்களே, தழை, மணி, சாம்பல் மூணும் 19 சதவீதம் இருக்குறது, அது ஒண்ணு. 12:61:0ன்னா மணிச்சத்து தூக்கலா இருக்குறது. 13:0:45ன்னா சாம்பல்சத்து. இதோட யூரியா. வரிசையில நாள், பத்தியில உரம், கட்டத்துல கிலோ. பார்த்தா நம்ம எக்ஸெல் ஷீட்டுதான். மினசோட்டாக்காரர் வரைபடத்துல போட்டதை இவங்க காலண்டர்ல போட்டுட்டாங்க.

தொட்டியும் வென்ச்சுரியும்

இப்ப கொஞ்சம் இன்ஜினியரிங். போரடிச்சா அடுத்த தலைப்புக்குத் தாவிருங்க, கோச்சுக்க மாட்டேன் :-)

பல்கலைக்கழகம் சொன்ன இடைவெளியில ஒண்ணு, பக்கவாட்டுக் குழாய்களுக்கு நடுவுல 1.5 மீட்டர், ட்ரிப்பருக்கு ட்ரிப்பர் 60 சென்டிமீட்டர், ஒரு ட்ரிப்பர்ல மணிக்கு 4 லிட்டர். கணக்குப் போடுங்க. ஏக்கருக்குச் சுமார் 4,500 ட்ரிப்பர். மணிக்கு 18,000 லிட்டர். நம்ம பக்கத்து போர்வெல் பலதுல அவ்வளவு தண்ணி ஒரே நேரத்துல வராது. அதனால வயலை ரெண்டு மூணு பாகமா பிரிச்சு, கேட்வால்வை மாத்தி மாத்தித் திறப்பாங்க.

இந்த இடத்துலதான் உரத்தை எப்படி உள்ள அனுப்புறோம்ங்கிறது முக்கியமாகுது. ஒரு வழி உரத்தொட்டி. மூடின இரும்புத் தொட்டியில உரத்தைக் கரைச்சு வச்சு, மெயின் குழாய்த் தண்ணியில ஒரு பங்கை அதுக்குள்ள சுத்த விட்டு வெளிய எடுக்குறது. இதுல கரைசல் நேரம் போகப் போக நீர்த்துகிட்டே போகும். தொட்டியோட கொள்ளளவு ஒரு தடவை உள்ள போய் வெளிய வந்தா, 63 சதவீத உரம் போயிருக்கும், 37 மிச்சம். நாலு தடவை சுத்தினாத்தான் 2 சதவீதத்துக்கு வரும். இப்ப ஒரு விவசாயி, முதல் சுத்து முடிஞ்சதும் வால்வை மாத்தி அடுத்த பாதி வயலுக்குத் திருப்பினார்னு வைங்க. முதல் பாதிக்கு 63 பங்கு உரம். ரெண்டாவது பாதிக்கு எவ்வளவு நேரம் ஓட்டினாலும் 37 பங்குதான். நோட்டுல 'ஏக்கருக்கு 6 கிலோ'ன்னு சரியாத்தான் இருக்கும். வயல்ல மட்டும் ஒரு பாதி கருகருன்னும் இன்னொரு பாதி வெளிறியும் நிக்கும். மடைகிட்ட கரைச்சு விட்ட பழைய கதையேதான், குழாய்க்குள்ள நடக்குது.

இன்னொரு வழி வென்ச்சுரி. குழாயை நடுவுல குறுக்கினா அங்க தண்ணி வேகமெடுக்கும், அழுத்தம் குறையும். அந்த உறிஞ்சல்ல பக்கத்து வாளியில இருக்குற உரக்கரைசல் தானா உள்ள ஏறும். இதுல கரைசல் ஒரே சீரா போகும், அழுத்தம் சீரா இருக்குற வரைக்கும்.

இந்தத் தத்துவத்தை இத்தாலிக்காரர் ஜியோவான்னி பத்திஸ்தா வென்ச்சுரி 1797ல எழுதினார். 90 வருஷம் கழிச்சு, 1887 வாக்குல, கிளெமன்ஸ் ஹெர்ஷல்ங்கிற அமெரிக்க இன்ஜினியர் இதை வச்சுத் தண்ணி அளக்குற மீட்டர் செஞ்சு, அதுக்கு வென்ச்சுரி பேரையே வச்சார். அதாவது அளக்குறதுக்குன்னு பேர் வாங்கின அமைப்பு இது. நம்ம வயல்ல அது உறிஞ்சுற வேலையை மட்டும் பார்த்துகிட்டிருக்கு. ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு அழுத்தமானி மாட்டினா, உறிஞ்சல் ஒழுங்கா இருக்கா குறையுதான்னு கண்ணால பார்த்தே சொல்லிரலாம்.

'கரைசலோட உப்புத்தன்மையை அளக்குற மீட்டர் இருக்கே, அதை வச்சா போதாதா'ன்னு கேட்கலாம். நல்ல கேள்வி. ஆல் 19, பொட்டாசியம் நைட்ரேட் மாதிரி உரத்தை அது நல்லா காட்டும். ஆனா யூரியா கரைஞ்சா அயனியா பிரியாது, மின்சாரம் கடத்தாது. நம்மாளுங்க அதிகமா போடுற உரத்தை அந்த மீட்டரால பார்க்கவே முடியாது!

இன்னொரு வில்லங்கமும் சொல்லிடறேன். கால்சியம் நைட்ரேட்டையும் 12:61:0வையும் ஒரே வாளியில கரைச்சா சுண்ணாம்பு மாதிரி படிஞ்சிரும். தண்ணியே உப்புத் தண்ணியா இருந்தா தானாகவே ட்ரிப்பர் அடைக்கும். 4,500 ட்ரிப்பர்ல எத்தனை அடைச்சிருக்குன்னு யாரு எண்ணிப் பார்க்கப் போறா? மெயின் குழாய்ல ஒரு சாதாரணத் தண்ணி மீட்டர் இருந்தா, போன மாசம் மணிக்கு இவ்வளவு ஓடுச்சு, இந்த மாசம் குறைஞ்சிருக்குன்னு உடனே தெரிஞ்சிரும்.

மீட்டரே இல்லாத ஊர்

ஆனா அந்த மீட்டர் நம்ம ஊர்ல இல்ல. ஏன் இல்லைங்கிறதுக்கும் ஒரு வரலாறு இருக்கு.

1984ல சிறு, குறு விவசாயிகளுக்குப் பம்புசெட் மின்சாரம் இலவசமாச்சு. 1990ல எல்லா விவசாயிகளுக்கும் இலவசம். அது எத்தனை குடும்பத்தைக் காப்பாத்துச்சுங்கிறதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அதோட பக்க விளைவா ஒண்ணு நடந்துச்சு. மோட்டார் எத்தனை யூனிட் இழுக்குதுன்னு பார்க்க வேண்டிய அவசியம் போச்சு. யூனிட் தெரிஞ்சா தண்ணி எவ்வளவுன்னு ஒரு தோராயமாவது போட்டிருக்கலாம். தண்ணியே தெரியாதப்போ, தண்ணியில போற உரம் எப்படித் தெரியும்?

கூடவே த்ரீ பேஸ் கரண்ட் வர்ற நேரம். எங்க சொந்தத்துல ஒரு பெரியவர் பால் கணக்கு நோட்டோட பின்பக்கத்துல உரக் கணக்கு எழுதி வச்சிருக்கார். தேதி, என்ன உரம், எத்தனை கிலோ. நேரம் மட்டும் இல்ல. "ஏங்க பெரியப்பா, எத்தனை மணி நேரம் விட்டீங்கன்னு எழுதலையா?"ன்னு கேட்டேன். "கரண்ட் இருக்குற வரைக்கும் விட்டேன்னு எழுதட்டுமா தம்பி?"ன்னு சிரிச்சார். அவர் சொன்னதுல உண்மை இருக்கு. அட்டவணை மூணு நாளைக்கு ஒரு தடவைன்னு சொல்லுது. கரண்ட் ராத்திரி ரெண்டு மணிக்கு வருது. உரம் கடைசியில யாரைக் கேட்டு நடக்கும்? கரண்டைக் கேட்டுத்தான்.

மொபைல்ல இருந்து மோட்டாரைப் போடுற ஸ்டார்ட்டர் வந்தது இந்தத் தொல்லைக்குத்தான். நம்ம பக்கத்து விவசாயி தானா விரும்பி வாங்கின முதல் பண்ணை எலெக்ட்ரானிக்ஸ் அதுதான்னு சொல்லலாம். அரசே இதுக்கு மானியமும் கொடுக்குது. ஆனா அதுவும் மோட்டார் ஓடுதா இல்லையான்னுதான் சொல்லும். எத்தனை லிட்டர்னு சொல்லாது.

அளவு எங்க நடக்குது?

தர்மபுரித் திட்டம் முடிஞ்சதும், தேசிய வேளாண் வளர்ச்சித் திட்டப் பணத்துல துல்லியப் பண்ணையத்தை மத்த மாவட்டங்களுக்கும் கொண்டு போனாங்க. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம், மத்தவங்களுக்கு 75 சதவீதம்னு ஆச்சு. இன்னிக்குத் தமிழ்நாட்டுல கறுப்புக் குழாய் இல்லாத தாலுகாவைத் தேடணும். அந்த வகையில தர்மபுரி ஜெயிச்சிருச்சு.

ஆனா பரவினது குழாய். அட்டவணை அதே வேகத்துல பரவல. முதல் போகத்துல விஞ்ஞானி வயல்லயே நின்னார்னு சொன்னேன்ல, அவரை எல்லா வயலுக்கும் மானியத்துல கொடுக்க முடியாதே. நீரில் கரையுற உரத்தோட விலை வேற. யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறப்போ, கையைக் கடிக்கிற விலையில ஆல் 19 வாங்க எல்லாருக்கும் மனசு வராது. நிறைய இடத்துல சொட்டுநீர்க் குழாய்ல யூரியா மட்டும் போய்கிட்டிருக்கு.

அரசாங்கம் அளக்கவே இல்லையான்னா, அளக்குது. 2018ல இருந்து நாடு முழுக்க உரக்கடையில கருவியில அடையாளத்தைப் பதிஞ்சுதான் மானிய உரம் வாங்கணும். எந்தக் கடையில எத்தனை மூட்டைன்னு டெல்லியில தெரியும். 2015ல ஆரம்பிச்ச மண்வள அட்டைத் திட்டத்துல, பாசன நிலத்துக்கு 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரிக்கு 10 ஹெக்டேருக்கு ஒண்ணுன்னு ஜிபிஎஸ் குறிச்சு மண் எடுத்தாங்க. நம்ம சராசரி 0.75 ஹெக்டேர்னு ஞாபகம் இருக்கா? மூணு விவசாயிக்கு ஒரே மண்ணு, ஒரே முடிவு. மானாவாரியா இருந்தா 13 பேருக்கு ஒண்ணு.

ஆக கடையில அளவு இருக்கு, கட்டத்துல அளவு இருக்கு. கடைக்கும் வேருக்கும் நடுவுல என்ன நடக்குதுங்கிறது மட்டும் பால் நோட்டோட பின்பக்கத்துல இருக்கு.

இப்ப பறந்து வருது

இந்தக் கதையில கடைசியா வந்து சேர்ந்தது ட்ரோன். 2023 நவம்பர்ல மத்திய அரசு, மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு 15,000 ட்ரோன் கொடுக்குற திட்டத்தை அறிவிச்சது. மருந்தும் தெளிக்கலாம், திரவ உரமும் தெளிக்கலாம். கவனிச்சீங்களா? மினசோட்டா டிராக்டர்ல இருந்த ஐட்டம் எல்லாம் இதுல இருக்கு. இடம் சொல்ற ஜிபிஎஸ், ஓட்டத்தை அளக்குற சென்சார், வேகத்துக்குத் தகுந்த மாதிரி பம்பைக் கூட்டிக் குறைக்கிற கம்ப்யூட்டர், நொடிக்கு நொடி எழுதுற லாக். 463 ஏக்கருக்குன்னு செஞ்ச சட்டை, 40 வருஷம் கழிச்சு நம்ம 64 மீட்டருக்குத் தைச்சு வந்திருக்கு.

இந்த லாக் எதுக்கு உதவும்னு ஒரு உதாரணம் சொல்றேன். 2021ல இஃப்கோ நானோ யூரியாத் திரவத்தைக் கொண்டு வந்துச்சு. 500 மில்லி பாட்டில் ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம்னு சொன்னாங்க. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் ரெண்டு வருஷம் சோதிச்சுப் பார்த்துட்டு, நெல்லுலயும் கோதுமையிலயும் விளைச்சல் குறையுதுன்னு சொன்னது. சண்டை இன்னும் ஓடுது. விவசாயி யாரை நம்புவார்? அவரோட சொந்த வயல்ல எங்க எத்தனை லிட்டர் தெளிச்சாங்க, அங்க எத்தனை கிலோ விளைஞ்சதுன்னு மூணு போகத்துக்கு எழுதி வச்சிருந்தார்னா, யாரையும் நம்ப வேண்டியதில்ல. அவரே பார்த்துச் சொல்லுவார்.

அந்த லாக் இப்ப எங்க போகுது? ட்ரோன் ஓட்டுறவங்க கருவியிலயும், அதைச் செஞ்ச கம்பெனி சர்வர்லயும். தெளிச்சதுக்குக் காசு கொடுத்த விவசாயி கைக்கு வர்றது பில்லு மட்டும். 'ஏக்கருக்கு இவ்வளவு ரூபாய்'. அவ்வளவுதான். அவர் வயலோட வரைபடத்தை வேற யாரோ வச்சிருக்காங்க. நாளைக்கு இதே தகவலை வச்சுக் கடனோ, காப்பீடோ, உர விலையோ யாராவது தீர்மானிச்சாங்கன்னா, அவருக்கு எதிரா பேச அவர்கிட்ட ஒரு வரி கூட இருக்காது. எனக்குக் கவலை தர்றது இதுதான்.

அதனால நம்ம மாதிரி கீபோர்டு தட்டுற ஆளுங்க செய்யக்கூடியது ஒண்ணு ரெண்டு இருக்கு. ட்ரோன் தெளிச்சு முடிச்சதும் அந்த லாக்கை விவசாயி போனுக்குத் தமிழ்ல, ஒரு படமா, 'இந்த மூலையில கம்மி, இந்த ஓரத்துல ரெண்டு தடவை விழுந்திருக்கு'ன்னு அனுப்புற ஒரு சின்ன ப்ரோக்ராம். இதுல பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. சொட்டுநீருக்கு அதுவும் வேண்டாம். மெயின் குழாய்ல பல்ஸ் கொடுக்குற ஒரு தண்ணி மீட்டர், வென்ச்சுரிக்கு ரெண்டு பக்கமும் அழுத்தமானி, எழுதி வைக்க ஒரு நோட்டு. சங்கத்துக்கு ஒருத்தர் அதை மாசம் ஒரு தடவை படிச்சா போதும். தர்மபுரியில முதல் 100 பேருக்கு ஜெயிச்சுக் கொடுத்தது குழாய் மட்டும் இல்ல, அந்தக் கட்டங்களை மூணு நாளைக்கு ஒரு தடவை பார்த்துகிட்டிருந்த கண்ணும்தான்.

உங்க ஊர்ப் பக்கம் யாராவது உரக் கணக்கை நேரத்தோட எழுதி வச்சிருக்காங்களா? ட்ரோன்காரர்கிட்ட லாக் கேட்டு வாங்கின புண்ணியவான் யாராவது உண்டா? இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. வென்ச்சுரிக் கணக்குல சந்தேகம் இருந்தாலும் கேளுங்க, அடுத்த பதிவுல படம் வரைஞ்சு போட்டுடறேன்.